நாலில் ஒரு பங்கு

அசதியை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகு, நோயில் கிடந்து எழுந்தவர் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை டாக்டர்கள் சொல்வது நின்றுபோனது. கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

எங்கள் வேலை காற்றாலைப் பராமரிப்பு. இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். டவருக்குள் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணியில் ஏறி, உச்சியில் விசிறிக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்குள் நுழைந்து, எண்ணெய் மாற்றி, போல்ட் முறுக்கி, பிரேக் பார்த்து இறங்க வேண்டும். புதிய டவர்களில் லிஃப்ட் உண்டு. எங்கள் குழுவுக்கு விழுந்தவை எல்லாம் பழையவை. ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒருவராவது ஏணியிலிருந்து விழுவார். விசாரித்தால், அன்றைக்கு அந்தக் குழுவிலேயே அதிகம் களைத்திருந்தவராக இருப்பார்.

அதனால் வில்லை வந்தது. சட்டைப் பொத்தான் அளவு. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். நாலு பேரும் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தால், நாலு பேருடைய அசதியும் ஒன்றாகக் கலந்து நாலு பங்காகப் பிரியும். உடம்பு களைப்பது அவரவருக்குத்தான். களைப்பு தெரிவது மட்டும் எல்லாருக்கும் சமம். ஒருவர் தள்ளிப் போய்விட்டால் அவர் பங்கு அறுந்துவிடும். வில்லை வந்த பிறகு எங்கள் பக்கம் யாரும் விழவில்லை. நல்ல கண்டுபிடிப்புதான், குறை சொல்ல மாட்டேன்.

கம்பெனி ஒவ்வொருவர் அசதியையும் தனித்தனியாகப் பதிந்து வைக்கப் பார்த்தது. சங்கம் விடவில்லை. யார் அதிகம் களைக்கிறார் என்று தெரிந்தால் அவரை முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. வெயிலில் கம்பெனி கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விஷயங்களை வாங்கினார்கள். திரையில் குழுவின் மொத்த அசதி மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. நோயில் இருந்து வந்தவரைக் கம்பெனி டாக்டர் கழித்துக்கட்ட முடியாது, குழுதான் முடிவு செய்யும். முதலில் ‘சுமக்கச் சம்மதமா’ என்று மூன்று பேரிடமும் கேட்பார்கள். சம்மதம் என்றால் சில வாரம் சேர்ந்து ஏறிப் பார்க்கலாம். கடைசியில் ‘நிலைக்கலாமா’ என்று கேட்பார்கள். இரண்டில் எந்தக் கேள்விக்கு மூன்று பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தப் பராமரிப்பு சீசன் முழுக்க டவர் கிடையாது. சீசன் முடியும்போது குழுவில் இல்லாவிட்டால் ஏறும் உரிமம் போய்விடும். பிறகு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டு எடுத்துக் கொடுக்கலாம்.

அந்தப் போராட்டத்தை நடத்தியவர் சுயம்புலிங்கம். எங்கள் குழுத் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர், சங்கச் செயலாளர். எல்லாரும் அண்ணாச்சி என்போம்.

ஆனி மாதம் காற்று எழும்பும்போது எனக்கு நுரையீரலில் நீர் கோத்தது. காற்று மாதங்களில் எப்படியும் பராமரிப்பு கிடையாது. மற்றவர்கள் கீழே யார்டில் வேலை பார்த்தார்கள், வில்லை ஒட்டவில்லை. நான் ஆஸ்பத்திரியிலும் பிறகு அக்கா வீட்டிலும் கிடந்தேன். ஐப்பசியில் காற்று அடங்கியது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர், “சுத்தமா இருக்கு. வேலைக்குப் போகலாம்” என்றார். அவர் சொல்லுக்கு மதிப்பில்லை என்று அவருக்கும் தெரியும்.

மூன்று பேரும் சுமக்கச் சம்மதம் என்றார்கள். அண்ணாச்சிதான் முதலில் சொன்னார்.

சீசனின் முதல் நாள் டவரின் அடியில் நாலு பேரும் வில்லையை ஒட்டினோம். பஸ்ஸில் உட்கார்ந்துதான் வந்திருந்தேன். ஆனாலும் ஒட்டிய உடனே முழங்காலில் ஈயத்தை ஊற்றியது போல இருந்தது.

“யம்மோ” என்றான் அஜின். எங்களில் இளையவன், வாய் ஓயாதவன். “என்னக்கா இது? கல்யாண வீட்டு சாம்பார் அண்டாவைத் தூக்கித் தோள்ல வச்ச மாதிரி இருக்கு.”

“நோயில கெடந்த பிள்ள. அப்படித்தான் இருக்கும்” என்றார் அண்ணாச்சி. “நாம சுமக்கதுக்குத்தானடே இந்த வில்லை. ஏறு.”

மீரான் அண்ணன் எலக்ட்ரீஷியன், பேச்சு குறைவு. என் பையில் இருந்த பெரிய ஸ்பேனரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஏறினோம். பாதியில் இருக்கும் தட்டில் நாலு பேரும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. என் சீக்கை மூன்று ஆண்கள் மேலே தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள் என்ற எண்ணம் ஏணியின் ஒவ்வொரு படியிலும் கூட வந்தது.

நாள் போகப் போகக் குறையும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். குறையவில்லை. இரண்டு டவர் முடிக்க வேண்டிய நாளில் ஒன்றுதான் முடிந்தது. அஜின் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டான். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

வீட்டில் எனக்கு அசதி ஒன்றும் இல்லை. அக்கா வீட்டு மாடிக்கு அரிசி மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அக்கா திட்டினாள். ஆனால் மறுநாள் டவருக்கு வந்து வில்லையை ஒட்டினால் மறுபடியும் ஈயம். ஏணியைக் கண்டு மனசுதான் பயப்படுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். சீக்கு போன பிறகும் பயம் போவதற்கு நாளாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“ஜெர்லினு, நான் சொல்லுதேன்னு வருத்தப்படக் கூடாது. வில்லையைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போனாலும் உன் அசதி என் உடம்பை விடமாட்டேங்குது. நேத்து முழுக்க எந்திரிக்கல. உங்க மதினி பயந்துபோயிட்டா.”

“கழட்டின பிறகு இருக்காதுன்னு சொல்லித்தான குடுத்தாங்க அண்ணாச்சி?”

“அவங்க சொல்லுவாங்க. சுமக்கவனுக்குத்தான தெரியும். கொஞ்சம் உள்ளே தங்கத்தான் செய்யும்.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நான் ஒருத்தன்னா பரவால்ல. அஜினுக்குச் சின்னப் பிள்ள இருக்கு. இப்படியே இருந்தா கடைசியில நான் என்ன சொல்லணுமோ அதைச் சொல்லுவேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

சரி என்றேன்.

அவர் அடிக்கடி ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கும், சங்க வேலை. ஆபீஸ் எங்கள் யார்டிலிருந்து தள்ளி, ரோட்டுக்கு அந்தப் பக்கம். வில்லையைக் கழற்றாமலேயே பைக்கில் போவார். அவர் போனதும் எங்கள் மூன்று பேருக்கும் உடம்பு லேசாகிவிடும். காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிப்போம்.

“அண்ணாச்சி அந்தப் பக்கம் போனா எப்படி இருக்கு பாத்தியளா” என்பான் அஜின். “ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் லீவு போட்ட மாதிரி.”

“மேல இருக்கவன் நகந்தா கீழ இருக்கவனுக்குக் காத்து வரத்தான செய்யும்” என்பார் மீரான் அண்ணன். சிரிப்போம்.

அவர் திரும்பி வரும்போது முகம் வெளிறி இருக்கும். “அந்த ஏசி ரூம்ல ஒரு மனுசன் எப்படி உக்காருவான்? உள்ள போனாலே உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கி. நம்ம ரத்தத்தை உறிஞ்சுததுக்குன்னே கட்டியிருக்கானுவ” என்பார். அதற்கும் சிரிப்போம். கம்பெனியைத் திட்டினால் எங்களுக்கு எப்போதும் பிடிக்கும்.

நிலைக்கலாமா என்று கேட்கும் நாள் நெருங்கியது. நான் பாதுகாப்பு அதிகாரி நிகிதாவைப் போய்ப் பார்த்தேன். மதுரைப் பெண், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“மேடம், என் அசதி எவ்வளவுன்னு மட்டும் பாத்துச் சொல்ல முடியுமா? அது குறைஞ்சிருக்கா கூடியிருக்கான்னு எனக்கே தெரியல.”

திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு கோடு. இறங்காமல் நேராக ஓடியது.

“இவ்வளவுதான் எனக்கும் தெரியும். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கோடு. பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு மெஷின்லேயே அடைச்சுட்டாங்க. உங்க சங்கம் கேட்டதுதான்.”

“வேற வழியே இல்லையா?”

“சுயம்பு சார்கிட்ட கேளுங்க. அந்த விதியை எழுதினது அவர்தான்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “உடம்பு முடியலைன்னா இந்த சீசன் விட்டுடுங்களேன். உயிரைவிட உரிமமா பெருசு?” என்றார்.

பெரிசுதான். அதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஏணியில் ஏறுகிற பெண்கள் எங்கள் கம்பெனியில் அப்போது இரண்டு பேர். ஸ்டோருக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

கேட்கும் நாளுக்கு முந்தின நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. டவரின் அடியில் அண்ணாச்சி கண்ட்ரோல் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். வேர்வையில் காதுக்குப் பின்னால் அரித்தது. வில்லையைப் பிய்த்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். எடுத்ததும் லேசாகத்தான் இருந்தது. எடுத்தால் யாருக்கும் லேசாகத்தான் இருக்கும், அதனால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அஜின் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. ராத்திரி தூங்கினியளா? இன்னிக்கி உங்க அசதி ரொம்பக் கொல்லுது. இப்போகூட, சும்மா உக்காந்திருக்கோம், எந்திரிக்க முடியல.”

“இப்போவா?” என்றேன்.

“இப்போதான். இந்த நிமிசம்.”

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். வில்லை கையில் இருந்தது.

அஜின் அதைப் பார்த்தான். என் காதைப் பார்த்தான். மறுபடியும் கையைப் பார்த்தான்.

“எப்போ கழட்டினிய?”

“நீ கண்ணை மூடுறதுக்கு முன்னாலயே.”

மீரான் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் வில்லையைப் பிய்த்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார், யாரோ திட்டியது போல. அஜின் தன்னுடையதைப் பிய்த்தான். எழுந்து நின்றான். இரண்டு தடவை குதித்துக்கூடப் பார்த்தான்.

“எனக்கும் இல்ல. அக்காவுக்கும் இல்ல. அப்போ…”

மூன்று பேரும் டவரைப் பார்த்தோம். அண்ணாச்சி பெட்டியில் ஒரு கையை ஊன்றியபடி பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டு கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“ஆபீசுக்குப் போகும்போதெல்லாம்…” என்று ஆரம்பித்தான் அஜின். முடிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் கதையை நினைத்திருப்பான்.

வண்டியில் போகும்போது அவர் முன்னால் இருந்ததால் பேச முடியவில்லை. யார்டில் அவர் இறங்கிப் போன பிறகு டீக்கடைக்குப் பின்னால் நின்று பேசினோம்.

“அவருக்கு என்ன சீக்கு?” என்றான் அஜின்.

“தெரியல. காத்து மாசத்துல வந்திருக்கும். அப்போ நாம வில்லை ஒட்டல” என்றார் மீரான் அண்ணன். “அவருக்கே தெரியாது. ஏணியில ஏறும்போது முக்கால்வாசி நமக்கு வந்திருது. வீட்டுல வந்தா ஜெர்லினோட மிச்சம்னு நினைக்காரு. ஆபீசுல வந்தா ஏசிங்காரு.”

“நாளைக்கு அவர்கிட்ட சொல்லிருவோம்.”

“யாரு சொல்லுவா? நீ சொல்லுவியா?”

அஜின் கண்ணாடி டம்ளருக்குள் பார்த்தான்.

எனக்கு முதலில் தோன்றியது அவருடைய உடம்பு இல்லை. என் உரிமம்தான். நான் நல்லா இருக்கிறேன், என்னிடம் ஒன்றும் இல்லை, நாளைக்கு அவர் வாயால் அதை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான், ஏறும்போது அவர் நெஞ்சுக்குள் என்னவோ கத்துகிறது, அதை நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அவருக்கு நாலில் ஒன்றுதான் கேட்கிறது என்பது உறைத்தது. சுமக்கிறோம் என்று நாங்கள் செய்துகொண்டிருந்த காரியத்தால் அவர் ஏணியில் செத்துப்போகலாம்.

மறுநாள் காலை டவரின் அடியில் நானே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணாச்சி, இந்த அசதி என்னுது இல்ல. உங்களோடது.”

அவர் சிரித்தார். பிறகு மீரான் அண்ணன் முகத்தையும் அஜின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

“நல்லா இருக்கு. சாயந்திரம் கேக்கப் போறாங்க, காலையில உன் சீக்கைத் தூக்கி என் தலையில கட்டுதியா?”

“நேத்து நான் வில்லையைக் கழட்டின பிறகும் இவங்களுக்கு இருந்துச்சு. இவங்க கழட்டினதும் போயிடுச்சு.”

“உனக்காகப் பேசுதானுவ. எனக்குத் தெரியாதா? நான் சங்கம் நடத்துதவன், எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.”

“அப்போ ஒண்ணு செய்வோம். நீங்க இங்கயே நில்லுங்க. நாங்க மூணு பேரும் அடுத்த டவர் பக்கமா நடக்கோம். யாரும் வில்லையைக் கழட்ட வேண்டாம். போனை மட்டும் காதுல வச்சுக்கோங்க.”

“போங்க. நாடகத்தை நான் பாக்கேன்.”

நடந்தோம். தூறல் போட்டிருந்தது. இரண்டு டவருக்கும் நடுவில் முள்ளுக்காடு, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. போனில் அவர் குரல் கேட்டுக்கொண்டே வந்தது.

“என்ன, தேரா இழுக்கிய? வேகமா நடங்கடே. லேய் அஜின், கையை ஆட்டி நட, ராணுவத்துக்கு எடுக்கப் போறான்…”

தொடர்பு அறும் இடம் எங்கே என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூன்று பேர் தோளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அஜின் “ஸ்ஸ்” என்றான்.

போனில் மூச்சு மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அவர் ஒரு கையால் டவரின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஜெர்லினு.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“இது ஆபீசுல வருமே, அந்த வலிதான?”

“ஆமா.”

“அப்போ அது ஏசி இல்லியா” என்றார்.

“திரும்பி வாங்கடே” என்றார் அண்ணாச்சி.

அஜின் திரும்பிவிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“விடுங்கக்கா. அவர் விழப் போறாரு.”

“ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு அவர் வாயால சொல்லட்டும். இப்போ போனா லேசாயிடும். லேசான உடனே ஏணியில ஏறிருவாரு.”

“நீங்க மனுசியா?” என்றான் அஜின்.

போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். “அண்ணாச்சி, வண்டியில ஏறி உக்காருங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம். சரின்னு சொன்னா வாரோம்.”

அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மறுபடியும் சொன்னார். அப்புறம், “சரி. வாங்க” என்றார்.

ஓடினோம். வண்டியில் அவரை உட்கார வைத்த பிறகு, எங்கள் வில்லைகளைக் கழற்றிவிடச் சொன்னேன். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்கும்போது அவருக்கு முழுதாகத் தெரிய வேண்டும். நாகர்கோவில் போகிற வழி முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மீரான் அண்ணன் ஓட்டினார்.

இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் இரண்டு அடைப்பு. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அன்றைக்கே பெரியதைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வைப்பதற்கு முன்னால் டாக்டர் அவரிடம் கேட்டதை நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டோம்.

“ஏணி ஏறும்போது நெஞ்சு அடைக்கலையா?”

“இல்ல.”

“மூச்சு வாங்கலையா?”

“எல்லாருக்கும் வாங்கின அளவுதான்.”

டாக்டருக்குப் புரியவில்லை. மீரான் அண்ணன் வில்லையைக் காட்டி விளக்கினார். டாக்டர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“அப்போ இவர் உடம்பு கத்தினதெல்லாம் உங்க காதுல விழுந்திருக்கு.”

“விழுந்துச்சு. ஜெர்லினக்கா கத்துறதா நினைச்சோம்” என்றான் அஜின்.

மூன்று மாதமாவது படிகூட அதிகம் ஏறக் கூடாது, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர்.

நாலாவது நாள் வார்டில் போய் அவரைப் பார்த்தோம். நிகிதாவும் டேப்லெட்டோடு வந்திருந்தார். என்னைப் பற்றிய முடிவு பாக்கி இருந்தது. குழுத் தலைவர் படுக்கையில் இருந்து சொன்னாலும் செல்லும். மதினி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

மீரான் அண்ணனும் அஜினும் நிலைக்கலாம் என்றார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“நிலைக்கலாம். அவ மேல ஒரு குறையும் இல்ல. எழுதிக்கோங்க.”

நிகிதா பதிந்தார். நான் மறுபடியும் குழுவில் ஆள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார்.

“மேடம், அப்படியே இன்னொண்ணு. அடுத்த மாசம் நான் சேந்து ஏறிப் பாக்கேன். இவங்ககிட்ட சுமக்கச் சம்மதமான்னு கேட்டு அதையும் எழுதிருங்க.”

நிகிதா மதினியைப் பார்த்தார். “டாக்டர் மூணு மாசம்னு…”

“டாக்டர் சொல்லுதது வெறும் ஆலோசனை. முடிவு குழுவோடது. நாங்க எழுதி வாங்கினது, எனக்குத் தெரியும்.” எங்கள் பக்கம் திரும்பினார். “மூணு மாசம்னா சீசன் முடிஞ்சிரும். இந்த வயசுல உரிமம் போச்சுன்னா திரும்பத் தருவானா? அடைப்பைத்தான் எடுத்தாச்சே. மிச்சம் இருக்கது அசதிதான். அதை நீங்க மூணு பேரும் கொஞ்ச நாள் பாத்துக்கிட மாட்டியளா?”

“சம்மதம்” என்றார் மீரான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“சம்மதம் அண்ணாச்சி” என்றான் அஜின். அவன் கண் கலங்கியிருந்தது.

நிகிதா என்னைப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு முன்னால் வரைக்கும் எனக்குச் சொல்கிற உரிமை இல்லை. அண்ணாச்சிதான் கொடுத்திருந்தார்.

“சம்மதம் இல்ல” என்றேன்.

அறையில் ஆரஞ்சுத் தோல் பிய்கிற சத்தம் கேட்டது. மதினி கையை நிறுத்தவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

“என்னட்டி சொன்ன?”

“சம்மதம் இல்ல அண்ணாச்சி.”

“உன்னை நான் சுமந்தேன்.”

“தெரியும்.”

“ஒவ்வொரு நாளும் சுமந்தேன். முடியாம சுமந்தேன். வாயைத் திறந்து உன்னை ஒரு வார்த்தை தப்பாச் சொல்லியிருப்பேனா?”

அவர் என்னைச் சுமக்கவே இல்லை. ஆனால் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் ஏறினார். அதற்கு நான் என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“நாங்க சுமந்தா ஏணியில உங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். “இன்னொரு அடைப்பு இருக்கு. அது என்ன சொன்னாலும் எங்களுக்குத்தான் கேக்கும். எங்களுக்கு அது உங்க சத்தமா, அஜின் சரியாத் தூங்காத சத்தமான்னு பிரிக்கத் தெரியாது. நாலு பேர்ல யாருக்கும் தெரியாது. நான் அதுக்கு வர மாட்டேன்.”

“சட்டத்தைப் பேசுதியா என்கிட்டயே?”

“நீங்க எழுதினதுதான. ஒருத்தர் வேண்டாம்னாலும் போதும்.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “போ” என்றார்.

போனேன். அஜின் என்னோடு லிஃப்டில் வரவில்லை, படியில் இறங்கி வந்தான்.

மீரான் அண்ணன் தலைவரானார். நாலாவது ஆளாக விஜிலா என்று ஒரு பெண் வந்தாள். முதல் நாள் வில்லை ஒட்டியபோது ஈயம் இல்லை. காலைப் பொழுதின் சாதாரண உடம்பு, நாலு பேருக்கும். அஜின் என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். வேலை நின்றுபோகவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு டவர் முடித்தோம்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, அவரவர் அசதியை அவரவருக்கு மட்டுமாவது காட்டலாமே என்று கேட்டேன். எல்லாரும் கத்தினார்கள். இன்றைக்கு எனக்குக் காட்டுகிற மெஷின் நாளைக்குக் கம்பெனிக்குக் காட்டாதா என்றார்கள். ஆளைக் கழிக்கிற லிஸ்டுக்கு நானே பிள்ளையார் சுழி போடுகிறேன் என்றார் ஒருவர். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஓட்டெடுப்பில் எனக்காகக் கை தூக்கியது மீரான் அண்ணன் ஒருவர்தான்.

சீசன் முடிந்தது. அண்ணாச்சியின் உரிமம் போனது. நான் இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மதினி ஒரு தடவை எடுத்து, தூங்குகிறார் என்றார். பின்னால் டிவி சத்தமும், சேனலை மாற்றச் சொல்லும் அவர் குரலும் கேட்டது.

பங்குனி வெயிலில் யார்டில் கயிறுகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ரோட்டில் நின்று பேசியிருக்கிறார், பஸ் ஹாரன் கேட்டது.

“இன்னிக்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். வழியில ரெண்டு எடத்துல நிக்க வேண்டியதாப் போச்சு. நல்லா அசந்துட்டேன், முழுசும் என்னுதுதான், பாத்துக்கோ.”